ஜப்பான் போய்த் திரும்பிய பிறகு எல்லாரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் 2 ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஜப்பான் போனோம். 13-ஆம் தேதி ராத்திரி ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். அவர் பிப்ரவரியில் பணி ஓய்வு பெற்றார். நான் இன்னும் வங்கியில் இருக்கிறேன். மார்ச் 31 கணக்கு முடிக்காமல் எங்களுக்கு லீவு கிடையாது என்பதால்தான் இந்தத் தேதி. கல்யாணமாகி முப்பது வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பெரிய பயணம் இது.

எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் அலுவலகத்திலும் தெருவிலும் கேட்பவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதைப் பற்றியே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

திரும்பி வரும் தேதியை எப்படி முடிவு செய்வது?

நாங்கள் செய்த மாதிரி செய்யாதீர்கள். 13 ராத்திரி இறங்குகிறோம், 14 சித்திரை ஒன்று. டிக்கெட் போடும்போது, "பதினாலு உனக்கு லீவு, பதினஞ்சு ஒரு நாள் சேர்த்துப் போட்டுக்கோ, நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார் இவர். வருடப் பிறப்பு அன்று எந்த வீட்டில் பெண்கள் ரெஸ்ட் எடுக்கிறார்கள்? விடிந்தால் மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காய் வேண்டும், வேப்பம்பூ வேண்டும், பாயசத்துக்குப் பால் வேண்டும். பதினொரு நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் இருந்தது அரை டப்பா ரவையும் ஊறுகாயும்.

வந்த மறுநாள் காலியாக இருக்க வேண்டும். லீவு என்ற பெயரில் வேறு வேலை ஒளிந்திருக்கும் நாள் கணக்கில் சேராது. ஞாயிறு ராத்திரி இறங்கித் திங்கள் காலை ஆபீஸ் என்பதும் அப்படித்தான். கடைசி ஒரு நாளை அங்கே குறைத்துக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கஸ்டம்ஸில் என்ன கேட்பார்கள்? எவ்வளவு பொருள் கொண்டுவரலாம்?

சுற்றுலா போய் வரும் நம்மைப் போன்றவர்களுக்குத் தீர்வை இல்லாமல் இவ்வளவு மதிப்புள்ள பொருள் என்று ஒரு வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது ஆளுக்கு 50,000 ரூபாயாக இருந்தது. அரசு அவ்வப்போது மாற்றுகிற தொகை, அதனால் கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாம் எடுத்துப்போய் உபயோகித்த துணிமணி இந்தக் கணக்கில் வராது. பதினெட்டு வயதான ஒருவர் ஒரு மடிக்கணினி தனியாகக் கொண்டுவரலாம்.

கணவன் மனைவியாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒருவருடைய வரம்பையும் மற்றவருடைய வரம்பையும் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. "ரெண்டு பேர் இருக்கோமே, ரெண்டு பங்கு சேர்த்து ஒரு கேமரா வாங்கிடலாம்" என்று ஒசாகா கடையில் இவர் போட்ட கணக்கு இப்படித்தான் அடிபட்டது. கல்யாணம் செய்து வைத்தது ஐயர்தான், சுங்கத்துறை இல்லை. அவர்களுக்கு நாம் இரண்டு தனித்தனிப் பயணிகள்.

மது ஆளுக்கு இரண்டு லிட்டர், சிகரெட் நூறு. ஜப்பான் விஸ்கி பெரும்பாலும் 700 மில்லி பாட்டிலில் வருகிறது. மூன்று பாட்டில் என்றால் 2.1 லிட்டர், எண்ணிக்கையில் தெரியாமல் வரம்பு தாண்டிவிடும். மின் சிகரெட்டை எவ்வளவு அழகான டப்பாவில் விற்றாலும் தொடாதீர்கள், 2019 சட்டப்படி இங்கே கொண்டுவருவதே குற்றம். செடி, விதை, கிழங்கு எதற்கும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பூங்காவில் பொறுக்கிய விதையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவரும் பழக்கம் உள்ளவர்கள் (என் அம்மா வழியில் எல்லாரும்) கவனிக்கவும்.

வரம்புக்குள் இருந்தால் பச்சை வழி. மேலே இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டுகிற தீர்வை, பிடிபட்டால் வரும் அவமானத்தைவிட மலிவு.

தாலிக்கொடி, வளையல் எல்லாம் போட்டுக்கொண்டு போகலாமா? வரும்போது பிரச்சினை வருமா?

இருபது கிராம், நாற்பது கிராம் என்று நீங்கள் கேள்விப்படும் தங்கச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து வருகிறவர்களுக்கு. பத்து நாள் போய்வரும் நமக்கு அது இல்லை. கனமான நகை போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அதைக் காட்டினால் இது இங்கிருந்து போன நகைதான் என்பதற்குப் பேச்சே இல்லை. நான் மெல்லிசாக ஒரு சங்கிலி, ஒரு ஜோடி தோடு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் லாக்கரில். கோயில் குளத்துக்கு நகை போட்டுக்கொண்டு நிற்பது நம் ஊர் வழக்கம், கியோட்டோவில் யாரும் என் கழுத்தைப் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் யாராவது "இதை மட்டும் திருச்சியில் கொடுத்துடுங்க" என்றால்?

வாங்கவே வாங்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ், கையில் ஒரு சின்னப் பொட்டலம். "லக்கேஜ் வெயிட் ஜாஸ்தியாயிடுச்சு அக்கா" என்றார். திருச்சி விமானங்களில் தங்கம் கடத்தும் குருவிகள் கதையைப் பேப்பரில் படித்து வளர்ந்தவர்கள் நாம். உள்ளே இருப்பது நிஜமாகவே சாக்லேட்டாகவும் இருக்கலாம். பிடிபட்டால் பையில் வைத்திருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது, நான் சொன்னேன்.

பெட்டி உடைந்து வந்தாலோ, வராமலே போனாலோ?

எங்கள் பெரிய பெட்டியின் கைப்பிடி பிய்ந்து வந்தது. உள்ளே கியோட்டோவில் கியோமிசு கோயில் ஏறும் தெருவில் வாங்கிய பீங்கான் கிண்ணம் மூன்று துண்டு. ராத்திரி பதினொரு மணி, தூக்கக் கலக்கம், "விடு, நாளைக்கு ஃபோன் பண்ணிக்கலாம்" என்றார் இவர். அப்படிச் செய்திருந்தால் கதை முடிந்திருக்கும். பெட்டி வரும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் கவுண்டரில் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் ஒட்டிய சீட்டு, போர்டிங் பாஸ் இரண்டையும் கிழித்துப் போடாதீர்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும்.

பெட்டிக்கு ஒரு தொகை கிடைத்தது. கிண்ணத்துக்குக் கிடைக்கவில்லை, உடையும் பொருளைப் பெட்டியில் போட்டது எங்கள் தப்பு என்றார்கள். ஜப்பானில் பொன் வைத்து ஒட்டுவார்களாமே என்று யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஃபெவிக்விக் வைத்து ஒட்டியிருக்கிறேன். இப்போது அதில் சாவி கிடக்கிறது.

மிஞ்சிய யென்னை என்ன செய்வது?

ரிசர்வ் வங்கி விதிப்படி 2,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டுகளை நாமே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற மாற்றுநரிடமோ கொடுத்துவிட வேண்டும். நாணயத்துக்கு வரம்பு இல்லை. ஆனால் நாணயத்தை இங்கே எவரும் மாற்றித் தரமாட்டார்கள், ஆகவே கடைசி நாள் சில்லறையை எல்லாம் அங்கேயே தீர்த்துவிடுங்கள். ஜப்பான் முழுக்கத் தானியங்கி விற்பனைப் பெட்டிகள், காசு போட்டால் சூடான டீகூட வருகிறது, தீர்ப்பது கஷ்டமில்லை.

5 யென் நாணயத்தை மட்டும் கொண்டுவந்தேன். நடுவில் ஓட்டை போட்ட மஞ்சள் காசு. அதன் ஜப்பானியப் பெயரைச் சொன்னால் உறவு, பந்தம் என்ற சொல்லும் அதே ஒலியில் வருமாம், அதனால்தான் கோயில் உண்டியலில் அதைப் போடுகிறார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்ததில் விலை உயர்ந்த சாமான்களுக்குக் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது.

கார்டு, வரி விஷயத்தில் ஏதாவது செய்ய வேண்டுமா?

உண்டு, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வங்கிக்காரி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வந்த அன்றே கார்டு செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். ஹோட்டல்கள் முன்பிணையாகப் பிடித்து வைத்த தொகை விடுபட்டதா என்று அடுத்த மாத அறிக்கையில் பாருங்கள்.

சுற்றுலா நிறுவனம் மூலம் போயிருந்தால் கட்டணத்தோடு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடித்திருப்பார்கள். அது போன காசு இல்லை. யாருடைய பான் எண் கொடுத்தீர்களோ அவர் கணக்கில் ஏறியிருக்கும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். வருமானமே இல்லாத மனைவியின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவருக்குத்தான் வருமானம் இல்லையே என்று கணக்கும் தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். அதோடு, தனக்காகவோ இன்னொருவருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு நிதியாண்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஜன்னல்களைத் திறங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்புவதற்கு முன், ஏதாவது சுவிட்சைப் போடுவதற்கு முன், மூக்கால் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃப்ரீசர். கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கரண்ட் ஒழுங்காக இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எங்கள் நாணயம் பாதி டம்ளர்வரை இறங்கியிருந்தது. தேங்காய்த் துருவலைத் தூக்கிப் போட்டேன்.

ஆனால் வீட்டில் எதைவிடவும் முதலில் பார்க்க வேண்டியது தேங்கிய தண்ணீர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக எட்டு, பத்து நாள் போதும். நம் சுற்றுலாவும் சரியாக அவ்வளவு நாள்தான். பூந்தொட்டித் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, உபயோகிக்காத கழிவறைக் கோப்பை, மூடி சரியாக இல்லாத வாளி. பக்கத்து வீட்டு மாமி தினமும் துளசிக்கு ஊற்றிய தண்ணீர் தட்டில் நின்று, அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. மாமியிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

குளியலறைச் சாக்கடைக் குழாயின் வளைவில் இருக்கும் தண்ணீர் வெயிலில் வற்றிவிடும், அதனால் நாற்றம் வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ஸ்கூட்டர் முதல் நாள் கிளம்பாது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

மூன்றரை மணி நேர வித்தியாசத்துக்கு ஜெட்லாக் வருமா?

"அமெரிக்காவா போனீங்க?" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். வரும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஆறு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு இங்கே இரண்டரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. சாயங்காலம் ஆறரைக்குக் கண் சொக்குகிறது. உடம்புக் கடிகாரம் ஏறத்தாழ நாளுக்கு ஒரு மணி நேரம் திரும்பும் என்பதால் எங்களுக்கு நாலு நாள் ஆனது. கிழக்கிலிருந்து மேற்கே வருவது சுலபம், மாலை வெளிச்சத்தில் நின்று, ஒன்பது மணிவரை எப்படியாவது விழித்திருந்தால் போதும். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வருகிறவர்களுக்குத் தலைகீழ், ராத்திரி தூக்கம் வராது, காலை வெளிச்சம்தான் மருந்து.

கால் வீங்குவது பொதுவாக இரண்டு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் டாக்டரிடம் போங்கள், நீண்ட விமானப் பயணத்தில் வந்ததையும் சொல்லுங்கள்.

இரண்டரைக்கு எழுந்து என்ன செய்தீர்கள் என்றும் கேட்கிறார்கள். முதல் நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். அடுத்த நாள் நாலரைக்கு, "வாயேன், நடந்துட்டு வருவோம்" என்றார். கியோட்டோவில் தினமும் காலையில் கமோ ஆற்றங்கரையில் நடந்தோம். இங்கே அம்மா மண்டபம்வரை நடந்தோம். சித்திரையில் காவிரி வெறும் மணல். தெருவில் பால் வண்டி, வாசல் தெளிக்கும் சத்தம், டீக்கடையில் பாய்லர் ஏற்றும் ஆள். இந்தத் தெருவில் முப்பது வருடமாக இருக்கிறேன், இந்த நேரத்தில் இவரோடு நடந்தது இல்லை. நாலு நாளில் உடம்பு சரியானதும் அந்த நடையும் நின்றுபோனது. ஜெட்லாக் இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அங்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டு, வந்த மறுநாளே சண்டை வருகிறதே, ஏன்?

என் தோழிகள் மூன்று பேர் இதையே கேட்டார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. வரும். எங்களுக்கும் வந்தது.

கியோட்டோவில் நாங்கள் தங்கிய ஹோட்டலில் காசு போட்டுத் துவைக்கும் இயந்திரம் இருந்தது. இரண்டு நாளுக்கொரு முறை இவர் துணியை அள்ளிக்கொண்டு கீழே போவார். நூறு யென் காசுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஜப்பானிய எழுத்தில் இருந்த பட்டன்களை ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்து, துவைத்து, உலர்த்தி, மடித்து மேலே கொண்டுவருவார். என் புடவையைக்கூட மடித்தார், அதுவும் சரியாக. குப்பையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்குக் கொண்டுவந்து போட்டார். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு தெருக் குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டார்கள், அதனால் அங்கே எல்லாரும் அப்படித்தான். காலையில் எனக்கு முன் எழுந்து டீ போட்டு வைத்தார். எனக்கு ஒரு புது மனுஷர் கிடைத்த மாதிரி இருந்தது.

14-ஆம் தேதி காலை, நான் மாங்காய் தேடிக் கடைத்தெரு சுற்றிவிட்டு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வருகிறேன். இவர் கூடத்தில் ஃபேன் அடியில் உட்கார்ந்து, திறந்த பெட்டியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இந்த அழுக்குத் துணியெல்லாம் எங்க போடறது?"

முப்பது வருடமாக ஒரே இடத்தில்தான் போடுகிறோம்.

என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். ரசம் கொதித்து வழிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு இரண்டு பேரும் பேசாமலே தூங்கிப்போனோம்.

அடுத்த நாட்களில் யோசித்ததில் எனக்குப் பட்டது இது. இவருக்குச் சுற்றுலா வீட்டு வாசலில் முடிந்தது. எனக்கு அது ஒசாகாவிலேயே, கடைசி நாளுக்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. கோட்டை மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனதுக்குள் மாவுக்கு ஊறப்போடும் கணக்கு ஓடியது. மாமியாரை நாத்தனார் வீட்டிலிருந்து எப்போது அழைத்து வருவது, வேலைக்காரம்மாவுக்கு என்ன வாங்குவது என்பதெல்லாம் வரிசை கட்டி நின்றது. அங்கே எங்களுக்கு ஒரே அறை, ஒரே பெட்டி, யார் வேலை என்று எதுவும் ஏற்கனவே தீர்மானம் ஆகவில்லை. இங்கே சமையலறையில் கால் வைத்ததும் எல்லாம் தீர்மானம் ஆனபடிதான் இருக்கிறது. அவர் கெட்டவராக மாறவில்லை, பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். நானும் அப்படியே, பழைய அடுப்பு முன் போய் நின்றுகொண்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

இதற்கு மருந்து என்ன என்று கேட்டால், கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான். பெட்டி பிரிப்பது யார், துணி யார், மளிகை யார் என்று வானத்தில் இருக்கும்போதே முடிவாகட்டும். கடைசி ராத்திரி எல்லாத் துணியையும் அங்கேயே துவைத்துவிடுங்கள், வீட்டுக்கு வரும் பெட்டியில் சுத்தத் துணி இருந்தால் பாதிச் சண்டைக்கு வேலை இல்லை. நாங்கள் அன்றைக்கு ஒசாகாவில் கடைசியாக ஒரு கடைத்தெரு பார்த்தே தீருவது என்று போனோம், துணியை விட்டுவிட்டோம். வந்த அன்று சமைக்காதீர்கள். வெளியில் வாங்கினால் போதும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் ரசம் கேளுங்கள். தப்பில்லை.

16-ஆம் தேதி நான் ஆபீஸ் போனேன். ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் "இத்தெகிமாஸ்" என்பார்கள். பொருள் அச்சு அசலாக நம் "போயிட்டு வரேன்"தான். வீட்டில் இருப்பவர் "போயிட்டு வா" என்று பதில் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர் "ததாயிமா" என்றால், இருப்பவர் "ஒகாயெரி" என்பார். திரும்பி வந்தவரை வரவேற்க நம்மிடம் இப்படி நிலையான ஒரு சொல் இல்லை. "வந்துட்டியா?" என்று ஒரு கேள்விதான். அதுவும் சமயத்தில் ஏன் லேட் என்ற தொனியில் வரும். அன்று சாயங்காலம் படி ஏறும்போது மொட்டைமாடியில் துணி காய்வது தெரிந்தது. என் புடவை நீளமாக, சுருக்கம் இல்லாமல். கதவைத் திறந்தவர் "ஒகாயெரி" என்றார். வாயில் சரியாக நுழையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

(தினமும் துவைக்கிறாரா என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. வாரத்துக்கு மூன்று நாள்.)

சொந்தக்காரர்களுக்கு என்ன வாங்கி வருவது?

ஜப்பானியர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு. ஊருக்குப் போய்வந்தால் அலுவலகத்தில் எல்லாருக்கும் பலகாரம் கொடுத்தாக வேண்டும், அதற்கு 'ஒமியாகே' என்று பெயர். அதற்காகவே ரயில் நிலையங்களில் ஒவ்வொன்றாகத் தனி உறையில் போட்ட இனிப்புப் பெட்டிகள் விற்கிறார்கள். நமக்கும் அது வசதி, ஒரு பெட்டியைப் பத்துப் பேருக்குப் பிரிக்கலாம். பெட்டியில் கெடு தேதி பாருங்கள், மெத்தென்ற பலகாரங்கள் ஒரு வாரம்கூடத் தாங்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வாங்கும்போது ஜெலட்டின் இருக்கிறதா என்று ஃபோன் கேமராவை வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அரிசி அப்பத்தில்கூட மீன் சாறு சேர்க்கிறார்கள்.

ஒரு கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி விற்பனை வரி இல்லாமல் வாங்கலாம். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது, கடையில் வரியோடு கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் பொருளைச் சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். அதனால் அந்தப் பொருளைப் பெட்டிக்கு அடியில் புதைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து, பச்சைத் தேயிலையும் விசிறியும் கொண்டுவந்து கொடுத்தால், என் பெரியம்மா வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "சிங்கப்பூர் வழியாத்தானே வந்தே? கோடாலித் தைலம் வாங்கலையா?" ஆகவே திருச்சிக்காரர்கள் கவனத்துக்கு: நீங்கள் நிலாவுக்கே போனாலும் வரும் வழியில் கோடாலித் தைலம் வாங்கி வந்துவிடுங்கள்.

ஃபோட்டோவை எல்லாருக்கும் எப்படிக் காட்டுவது?

இரண்டு ஃபோனிலும் சேர்த்து 3,400 படம். பார்க்க வருகிறவர்களின் பொறுமை பதினைந்து படம். முதலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இவர் ஃபோன் முழுக்க ரயில், ரயில் நிலையக் கடிகாரம், மறுபடியும் ரயில். நடுவில், தத்துவப் பாதை என்ற கால்வாய்க்கரையில் தண்ணீரே தெரியாமல் செர்ரிப் பூ இதழ்கள் மிதப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நான். எடுத்ததே எனக்குத் தெரியாது. என் ஃபோனில் இவர் எங்கேயும் நேராக நிற்கவில்லை, எல்லாவற்றிலும் ரயில் அட்டவணை படித்துக்கொண்டிருக்கிறார்.

அறுபது படம் பொறுக்கி ஆல்பமாக அச்சடித்துக் கூடத்தில் வைத்துவிட்டோம். பார்க்க விரும்புகிறவர் தானே எடுத்துப் பார்க்கட்டும். ஃபோனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவுரை சொன்னால் விருந்தாளி அடுத்த முறை வரமாட்டார்.

பீற்றிக்கொள்கிற மாதிரி ஆகாமல் பேசுவது எப்படி?

கேட்டதற்கு மட்டும் பதில். "அங்கெல்லாம் ரோட்டில் ஒரு பேப்பர் கிடக்காது" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை இரண்டு மாதத்துக்கு ஒத்திப் போடுங்கள். மாமியார் வீட்டுக்கு வந்ததும் எங்கள் இருவரையும் கிழக்கே பார்த்து நிற்கவைத்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். நெடி வரவில்லையாம், பலத்த திருஷ்டியாம். காரணம் இவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான்.

ரயில் கார்டில் மிச்சம் இருக்கும் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா?

இல்லை. டோக்கியோவில் இறங்கியதும் ஆளுக்கொரு சுயிகா கார்டு வாங்கினோம், 500 யென் வைப்புத்தொகை. அதை டோக்கியோ பக்கத்து ரயில் நிறுவனம்தான் திரும்ப வாங்கிக்கொள்ளும். நாங்கள் விமானம் ஏறியது ஒசாகா பக்கத்தில். கார்டு அங்கே ரயிலிலும் கடையிலும் செல்லும், பணம் மட்டும் திரும்பக் கிடைக்காது. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்புகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள், டோக்கியோவை விட்டுக் கிளம்பும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள், அப்போது வைப்புத்தொகையும் வரும்.

இவர் இதற்காக ஒரு வாரம் புலம்பினார். அப்புறம் எங்கேயோ படித்துவிட்டு வந்து, கடைசியாக உபயோகித்த நாளிலிருந்து பத்து வருடம் வரை கார்டு செல்லும் என்றார். கடைசியாக உபயோகித்தது ஏப்ரல் 12, விமான நிலையத்தில், ஒரு டீக்கு. இப்போது இரண்டு கார்டும் அந்த ஒட்டிய கிண்ணத்தில், சாவிக்கு அடியில் கிடக்கின்றன. அவருடையதில் 640 யென், என்னுடையதில் 210.